அவசரம் தோண்டிய குழி

படகுத்துறையில் என் மனைவிக்கு வைத்த பெயர் அவசரம். வைத்தவர் கேட் காவலர். "அவசரம் வந்தாச்சு, கேட்டைத் திறக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் சாவியைத் தேடுவதற்குள் இவள் ஜீப் ஹாரனை அடித்து ஏரியில் இருக்கிற கொக்கை எல்லாம் எழுப்பிவிடுவாள். பெயர் என்னவோ பொருத்தம்தான். பொங்குவதற்கு முன்பே பாலை இறக்குவாள். காயாத துணியை மடிப்பாள். நான் காபியைப் பாதி குடித்துக்கொண்டிருக்கும்போதே டம்ளரைப் பிடுங்கிக் கழுவப் போய்விடுவாள். காலில் வெந்நீரைக் கொட்டியது போல என்பார்களே, அந்த வெந்நீரைத் தானே காய்ச்சித் தானே ஊற்றிக்கொள்கிற ரகம் இவள்.

நான் நேர் எதிர். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று அவள் என்னைத் திட்டுவாள். அதற்குப் பதில் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆகும். எப்படித்தான் இருபது வருஷம் ஓட்டினோம் என்று கேட்காதீர்கள். அவள் ஓட்டினாள், நான் கூடப் போனேன்.

எங்கள் பிழைப்பு ஒரு படகு. எட்டுப் பேர் உட்காரலாம், பின்னால் மாட்டுகிற எஞ்சின். அக்கரைக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப் போவோம். முன்பெல்லாம் ஏரியிலேயே கட்டி வைத்திருந்தோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு புண்ணியவான் எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு போனான். அன்றிலிருந்து காலையில் ட்ரெய்லரில் கொண்டுபோய்ப் படகைத் தண்ணீரில் இறக்குவது, வேலை முடிந்ததும் மறுபடி ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்துவது என்று ஆகிவிட்டது.

ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது எல்லாருக்கும் வருகிற வித்தையில்லை. அது வலது பக்கம் போகவேண்டும் என்றால் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்ப வேண்டும். நான் ஓட்டினால் ட்ரெய்லர் மடங்கி ஜீப்புக்கே முத்தம் கொடுக்க வரும். அவள் ஒரே மூச்சில் சரிவில் இறக்குவாள். டயர் முங்கியதும் ஒரு சின்ன பிரேக். படகு தானாக வழுக்கிப் போய் மிதக்கும். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பேன். பொய் சொல்லக்கூடாது, பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஏற்றும்போதுதான் வம்பு. முறைப்படி செய்வதென்றால் படகின் மூக்கில் பட்டையை மாட்டி, ட்ரெய்லர் முனையில் இருக்கிற வின்ச்சைக் கையால் சுற்றி இழுக்க வேண்டும். எண்பது சுற்று. எண்பது சுற்றுக்கு இவள் எங்கே போவாள்? எஞ்சினை முழு வேகத்தில் முறுக்கிப் படகை நேராக ட்ரெய்லர் மேலேயே ஓட்டி ஏற்றிவிடுவாள். பத்து நொடியில் வேலை முடிந்தது. இதைப் பார்த்து அசந்துபோன மற்ற படகுக்காரர்களும் அப்படியே பழகிக்கொண்டார்கள்.

காவலர் மட்டும் கரையில் நின்று கத்துவார்.

"வேணாம் தங்கச்சி! அந்த எஞ்சின் விசிறி தண்ணியை மட்டும் தள்ளல. அடியில மண்ணையும் சேர்த்துத் தள்ளுது!"

"தள்ளட்டும்ணே. உங்க வீட்டு மண்ணா?" என்பாள் இவள்.

அப்போது ஏரி நிறையத் தண்ணீர். அடியில் என்ன நடக்கிறது என்று யார் கண்டது?

படகில் எங்களுக்கு ஒரு நிரந்தரப் பயணி உண்டு. என் அக்கா. அக்கரையில் தனியாக இருக்கிறாள். அத்தான் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. போன வருஷம் அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் இக்கரை ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படகில் வந்தால் இருபது நிமிஷம். ஏரியைச் சுற்றிப் பஸ்ஸில் வந்தால் மூன்றரை மணி நேரம், அதுவும் எலும்பை எண்ண வைக்கிற பாதை.

"பேசாம எங்க வீட்டுக்கு வந்துடு அக்கா" என்று நான் சொல்லாமல் இருப்பேனா? வரமாட்டாள். ஆறு வருஷமாக எங்கள் வாசற்படியை அவள் மிதித்ததில்லை.

அதற்குக் காரணம் என் அம்மா இறந்த நாள். அன்று பேய்க்காற்று, படகு எடுக்க முடியவில்லை. அக்கா பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் வந்து சேர்வதற்கு நாற்பது நிமிஷம் முன்னால் அம்மாவை எடுத்துவிட்டார்கள். அக்கா உள்ளே வந்தபோது வெறும் கட்டில்தான் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் மனைவியிடம் திரும்பி, "பெத்த தாயோட முகத்தைக்கூடப் பார்க்கவிடாம உனக்கு என்னடி அப்படி ஒரு அவசரம்?" என்றாள். என் மனைவி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நான் ஏன் திறக்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவு பேச்சும்.

அன்றோடு அக்கா இவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். வாரம் மூன்று நாள் இவள் ஓட்டுகிற படகிலேயே வந்து போகிறாள், ஆனால் பேச்செல்லாம் ஜாடையில்தான். எஞ்சினைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவாப் போனா எந்தக் கோட்டை இடிஞ்சு விழுந்துடும்?" என்பாள். தண்ணீரைப் பார்த்து, "தெறிக்குது, சேலையெல்லாம் ஈரம்" என்பாள். இவளும் லேசுப்பட்டவளில்லை. "ஏங்க, எஞ்சினுக்குக் காது கேக்காதுன்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்பாள். நடுவில் மத்தளம் நான். இரண்டு பக்கமும் அடி.

இந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி தினமும் இரண்டு விரல்கடை இறங்கிக்கொண்டே வந்தது. ஏரியில் தண்ணீர் இறங்க இறங்க அக்காவின் கால் வீங்கிக்கொண்டே போனது. எனக்கு இரண்டையும் பார்க்கப் பயமாக இருந்தது. நான் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று. சரிவில் கான்கிரீட் எங்கே முடிகிறது என்று கழியால் தட்டிப் பார்த்துக் கரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். ஜீப்பின் முன் டயர் அந்தக் கோட்டுக்கு வந்தால் ட்ரெய்லர் டயர் கான்கிரீட் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறது என்று அர்த்தம். விளிம்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் காவலர் வந்து சொன்னார். "நாளையோட சரி. தண்ணி அளக்கிற கல்லோட அடி தெரிஞ்சுடுச்சு. நாளைக்கு மத்தியானம் கேட்டுக்குப் பூட்டு. இனிமே மழை பேஞ்சு தண்ணி ஏறினாத்தான்."

அவர் போனதும் இவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அக்காகிட்ட சொன்னீங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"பத்து நாளா இதே நாளைக்குத்தான். நாளைக்கு அவங்க வந்துட்டுத் திரும்பிப் போயிட்டா சனிக்கிழமை எப்படி வருவாங்க? அந்தப் பஸ்ஸுலயா? பாதி வழியில மூச்சு நின்னுடும். இங்க தங்க வைக்கணும். நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்மா."

"என்ன சொல்லணும்னு தெரியுமில்ல?"

தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் துறைக்குப் போனோம். ஜீப் மஞ்சள் கோட்டுக்கு வந்து நின்றது. ட்ரெய்லர் டயரில் பாதிதான் நனைந்தது. படகு ட்ரெய்லர் மேல் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. விளிம்புக்கு அப்பால் கழியை விட்டேன். கழி பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நெஞ்சளவு.

"நிறுத்து, நிறுத்து! இங்க பெரிய குழி இருக்கு!"

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "குழின்னா ஆழம்தானே?"

"ஆமா."

"ஆழம்னா மிதக்கும்தானே? தள்ளி நில்லுங்க!"

இந்த மாதிரி நியாயத்துக்கு வக்கீல் வைத்தாலும் பதில் சொல்ல முடியாது. நான் யோசித்துப் பதில் கண்டுபிடிப்பதற்குள் ஜீப் பின்னால் வந்துவிட்டது. தடால் என்று ஒரு சத்தம். ட்ரெய்லரின் பின்பக்கம் குழிக்குள் இறங்கியது. அவள் சொன்னபடியே படகு அழகாக மிதந்து வெளியே போனது. ஆனால் ட்ரெய்லர் டயர் இரண்டும் கான்கிரீட் விளிம்புக்குக் கீழே போய், எதிரில் சுவர் மாதிரி கான்கிரீட். அவள் முன்னால் இழுத்தாள். ஜீப் உறுமியது, டயர் புகைந்தது, ட்ரெய்லர் ஒரு அங்குலம் நகரவில்லை. ஜீப்பைக் கழற்றலாம் என்றால் இரண்டையும் மாட்டுகிற கொண்டி இறுகிப்போய்ச் சுத்தியலுக்கும் மசியவில்லை. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக எங்களுக்கு இருப்பது இந்த ஒரு ஜீப்தான். இயந்திரத்துக்கு ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

காவலர் வந்து எட்டிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன். ரெண்டு வருஷமா எல்லாரும் எஞ்சினை முறுக்கி முறுக்கித் தோண்டின குழி இது. பிள்ளையார் சுழி போட்டது நம்ம தங்கச்சி."

அவள் முகம் ஒரு கணம் செத்துப்போயிற்று. மறு கணம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"திட்டுறதைச் சேர்த்து வைங்கண்ணே, வந்து வாங்கிக்கிறேன். ஏங்க, நான் போய் அண்ணியைக் கூட்டிட்டு வர்றேன். வர்றதுக்குள்ள வண்டியை எடுத்து வைங்க." தண்ணீரில் குதித்து, படகில் ஏறி, எஞ்சினை முடுக்கிப் போயேவிட்டாள். எடுத்து வைக்கிறதாம்! நான் என்ன கிணற்றில் விழுந்த குடத்தையா எடுக்கப் போகிறேன்?

ஆனால் எடுத்தாக வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஜீப்பைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். காவலர்தான் வழி சொன்னார். வெள்ளம் வந்தால் கரையை அடைக்க என்று வாங்கி வைத்த காலிச் சாக்குகள் அவர் அறையில் கிடந்தன. வெள்ளம்தான் வரவில்லை. அவற்றில் கரையில் கிடந்த சரளைக் கல்லை அள்ளி நிரப்பினோம். நான் ஒவ்வொரு மூட்டையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, மூச்சைப் பிடித்து முங்கி, டயருக்கும் கான்கிரீட் சுவருக்கும் நடுவில் திணித்தேன். டயர் ஏறி வர ஒரு சரிவு வேண்டும், அவ்வளவுதான். கலங்கல் தண்ணீரில் கண் தெரியவில்லை, எல்லாம் கைத்தடவல். ஒரு பக்கத்துக்கு ஏழு மூட்டை பிடித்தது. அடுத்த பக்கம் நாலாவது மூட்டையில் என் விரல் நசுங்கியது. காவலர் நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழு நாற்பது. ஏழு ஐம்பது. எட்டு ஐந்து. அந்த மனுஷனின் கடிகாரத்தைப் பிடுங்கி ஏரியில் எறியலாம் போல இருந்தது.

எட்டேகாலுக்கு ஜீப்பில் ஏறினேன். முதல் கியர். காவலர் தண்ணீரில் நின்று பின்னால் இருந்து தள்ளினார். ட்ரெய்லர் ஒரு முறை எகிறியது, அடியில் ஏதோ படார் என்றது, மேலே வந்துவிட்டது. அச்சு வளைந்திருந்தது. ஒரு சக்கரம் ஆடியது. இருக்கட்டும். இறுக்கம் விட்டதும் கொண்டியும் கழன்றது. ஜீப்பைத் திருப்பி நிறுத்திவிட்டு ஏரியைப் பார்த்தேன்.

படகு வந்துகொண்டிருந்தது. கரைக்கு நாற்பது அடி இருக்கும்போது நின்றுவிட்டது.

எஞ்சின் அலறியது. பின்னால் தண்ணீருக்குப் பதில் சேறு பறந்தது. இவள் இன்னும் முறுக்கினாள். ஒரு பெரிய கரகரப்பு, அதோடு எஞ்சின் அடங்கிப்போயிற்று.

காவலர் தலையில் கை வைத்தார். "குழியில இருந்து போன மண்ணு எங்க போகும்? அங்கதான் மேடாக் கெடக்கு. போறப்ப ஒத்த ஆளு, தாண்டிடுச்சு. இப்ப ரெண்டு பேரு கனம்."

படகு மேட்டின் மேல் முட்டிக்கொண்டு நின்றது. மேட்டில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. மேட்டுக்கும் கரைக்கும் நடுவில் அந்தக் குழி. அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் உப்பியிருந்தது, வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டாள். இரண்டு நாள் நீர் அவள் உடம்பில் நிற்கிறது. என் மனைவி இறங்கி, தொடை வரை சேற்றில் நின்றபடி படகைத் தள்ளினாள். நகரவில்லை. இன்னொரு முறை தள்ளினாள். பிறகு திரும்பி நின்று முதுகைக் காட்டினாள்.

"அண்ணி, ஏறுங்க."

அக்கா எஞ்சினைப் பார்த்துச் சொன்னாள். "யாரும் என்னைச் சுமக்க வேணாம். நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

"எஞ்சின் செத்துப்போச்சு அண்ணி. இனிமே நேராத்தான் பேசணும். ஏறுங்க, மணி எட்டரை."

நான் கழியை எடுத்துக்கொண்டு குழியின் ஓரமாகச் சுற்றி மேட்டுக்குப் போவதற்குள், அக்கா இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் இருந்தாள். இவள் வழக்கம் போல விறுவிறு என்று இரண்டு எட்டு வைத்தாள். இரண்டாவது எட்டில் இடது கால் இடுப்பு வரை உள்ளே போனது. அக்கா அலறிவிட்டாள். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"நான் கழி ஊன்ற இடத்துல மட்டும் காலை வை" என்றேன்.

அப்படியே செய்தாள். நான் ஊன்றுவேன், அடியில் கெட்டி என்று தெரிந்தால் தலையாட்டுவேன், அவள் காலை எடுத்து அங்கே வைப்பாள். பிறகு நிற்பாள். நான் அடுத்த இடத்தைத் தேடும் வரைக்கும் அசையாமல் நிற்பாள். அப்படி நிற்பதுதான் அவளுக்குச் சாவு. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குழியை ஒட்டி வளைந்து வரும்போது தண்ணீர் அவள் நெஞ்சுக்கு வந்தது. அக்கா கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"மெதுவா வை. அவசரப்படாதே" என்றாள் அக்கா. எஞ்சினைப் பார்த்து இல்லை, ஏரியைப் பார்த்து இல்லை. இவள் காதருகே.

"சரி அண்ணி" என்றாள் இவள்.

நாற்பது அடி நடக்க இருபது நிமிஷம் ஆயிற்று. கரை ஏறியதும் அக்காவை ஜீப்பில் உட்கார வைத்துப் பறந்தோம். ஒன்பதே காலுக்குச் சேறும் சகதியுமாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். நர்ஸ் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "வயல்ல இருந்து வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு உடனே இயந்திரத்தில் போட்டாள். குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

இவளுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பிறகு, "வாங்க, படகை எடுத்துடலாம். மத்தியானம் பூட்டிடுவாங்க" என்றாள்.

சக்கரம் ஆடுகிற ட்ரெய்லரை மறுபடி ஜீப்பில் மாட்டி மஞ்சள் கோடு வரைக்கும் இறக்கி நிறுத்தினாள். ஆள் இல்லாத படகு லேசாகிவிட்டிருந்தது. எஞ்சினை மேலே தூக்கிவிட்டு, காவலரும் நானும் தள்ளி மேட்டைத் தாண்ட வைத்தோம். குழியின் மேல் மிதந்து வந்து ட்ரெய்லர் வாயில் நின்றது. இவள் பட்டையை மாட்டினாள். வின்ச் கைப்பிடியைப் பிடித்தாள். நான் சுற்றுகிறேன் என்றால் விடவில்லை. எண்பது சுற்றையும் அவளே சுற்றினாள், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. அறுபதில் கை கொப்புளித்துவிட்டது. எண்பதில் படகின் மூக்கு ரப்பரில் போய் உட்கார்ந்தது. நாங்கள் வெளியே வந்ததும் காவலர் கேட்டைச் சாத்திப் பூட்டினார்.

அவள் பூட்டையே பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். "இனிமே அவங்களுக்குப் போக வழி இல்லை. இன்னிக்காவது சொல்லிடுங்க."

சொல்ல வேண்டியது இதுதான். அம்மா இறந்த அன்று, "அக்காவுக்காகக் காத்திருக்கலாமா, எடுத்துடலாமா?" என்று வந்தவர்கள் கேட்டார்கள். என் மனைவி வாசலை மறித்து நின்றாள். "அண்ணி வந்துட்டு இருக்காங்க. அவங்க பார்க்காம யாரும் தொடக் கூடாது" என்றாள். என்னால்தான் தாங்க முடியவில்லை. அம்மா அப்படிக் கிடப்பதை இன்னும் ஒரு நிமிஷம்கூடப் பார்க்க முடியாது போல இருந்தது. "எடுத்துடுங்க" என்று சொன்னவன் நான். என் ஆயுசில் நான் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான். ஆனால் எங்கள் வீட்டில் அவசரம் என்றால் யார் பெயர் வரும்? அக்கா இவளைக் கேட்டாள். இவள் வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி நான் அழுதபோது, "இப்ப சொல்லாதீங்க. அவங்களுக்கு மிச்சம் இருக்கிற ரத்த சொந்தம் நீங்க ஒருத்தர்தான். ஆறினதும் சொல்லுங்க" என்றாள். நானும் சரி என்றேன். பால் பொங்கக்கூடக் காத்திருக்காதவள், நான் வாயைத் திறப்பதற்கு ஆறு வருஷம் காத்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒன்றரை மணிக்கு அக்கா வெளியே வந்தாள். முகத்து வீக்கம் வடிந்திருந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "படகு சரியாயிடுச்சா? எத்தனை மணிக்குப் போறோம்?" என்றாள்.

"படகைத் தூக்கியாச்சு அக்கா. துறையைப் பூட்டிட்டாங்க."

"அப்ப பஸ்ஸுல போறேன்."

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அம்மாவை எடுக்கச் சொன்னது இவ இல்ல. நான்."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஆறு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தேன். சொல்லி முடிக்க ஐந்து நொடிகூட ஆகவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். "அவ என்ன சொன்னா?"

"இருக்கச் சொன்னா. நீ வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு வாசல்ல நின்னா. நான்தான் கேக்கல."

நடைவழியின் அந்தக் கோடியில் என் மனைவி கொப்புளித்த கையைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்தாள். நான் பையை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. மெதுவாக நடந்து குழாயடிக்குப் போனாள்.

"இத்தனை வருஷம் எல்லாத்தையும் வாங்கிக் கட்டிக்கிட்டு ஏன்டி சும்மா இருந்தே?"

"சொல்லலாம்னுதான். எங்க நேரம் கிடைச்சது அண்ணி?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா தெரியவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு பையை என் மனைவியின் கையில் கொடுத்தாள். "நட. உன் வீட்டுக்குப் போலாம்." ஜீப்பில் முன் சீட்டில், நான் எப்போதும் உட்காருகிற இடத்தில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால் சாமான்களின் நடுவில் உட்கார்ந்து வந்தேன்.

ஐந்து மாதம் ஆகிறது. அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்கு அளவு தண்ணீர், அளவு உப்பு. அதற்காக இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள், நேருக்கு நேர், வாய்க்கு வாய். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் பத்து நிமிஷத்தில் போய்விடுகிறார்கள். நான் கூடப் போனால் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என் மனைவியிடம் சொல்லி அனுப்புகிறாள். அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னிடம் கேட்டதுதான் கடைசி.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. நானே வலியப் போய், "அக்கா" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். சமையலறைக்கு வந்து என் மனைவியிடம் கேட்டேன்.

"இன்னும் எவ்வளவு நாள்தான் இப்படி?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு ஆறு வருஷம் ஆச்சுங்க" என்றாள். "உங்களுக்கு இப்பத்தானே அஞ்சு மாசம்."